கல் குடித்த மெழுகு

“வழிகாட்டியவரின் பங்கை வழியிலேயே கொடு” என்று பெரியவர் முசாரா சொல்வார். “வாசல் வருமுன் கொடு” என்றாரோ, சரியாக நினைவில்லை. அதற்கு அவர் சொன்ன கதை இது.

அந்தக் காலத்தில், ஜிம்பாப்வேயின் குருவே மலையடியில், பறவைகளும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். ஷிங்காய் என்ற கல்தச்சனைத் தேன்காட்டிப் பறவை ஒருத்தி காடெல்லாம் கூட்டிப்போவாள். தேன்கூடு இருக்கும் மரத்தை அவள் காட்டுவாள். அவன் புகை போட்டுத் தேனீக்களை விரட்டுவான். தேன் அவனுக்கு, மெழுகு அவளுக்கு. அதுதான் பேச்சு.

மழை பொய்த்த வருஷம், ஷிங்காய் மெழுகை மண்ணில் புதைத்தான்.

“அண்ணே, என் பங்கு?”

“இந்தக் கூட்டில் மெழுகே இல்லை, தாயி. இன்னொன்று காட்டு.”

வயிறு நிறைந்தால் பறவை வழி காட்டாது என்பது அவன் எண்ணம். இரண்டாவது கூட்டிலும் அப்படியே செய்தான். மூன்றாவதிலும். நான்காவது மரத்துக்குப் போகும் வழியில் அவள் கிளையிலிருந்து உதிர்ந்தாள். கையில் எடுத்தான். எடையே இல்லை.

அவள் துணைவன் எதிரே வந்து உட்கார்ந்தான். “சாப்பிடாமலே போய்விட்டாள். ஊட்டும்.”

“செத்தவளுக்கு எப்படி ஊட்டுவது?”

“புதைக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாதா? நீர் ஊட்டும்வரை எங்கள் இனம் உம் ஊருக்கு ஒரு கூடும் காட்டாது.”

ஷிங்காய் வீட்டுக்குப் போகவில்லை. மலையிலிருந்து கல்லை உருட்டி வந்து அதில் அவள் உருவத்தையே செதுக்கினான். புதைத்த மெழுகைத் தோண்டி எடுத்துக் கல்லின் அலகில் வைத்தான். மெழுகு வழுக்கி விழுந்தது.

களி கொண்டு வந்த மனைவி நியாராய் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சில்லிட்ட வாய் எதைத் தின்னும்?”

கல்லைச் சுற்றித் தீ மூட்டினான். கல் வெடித்தது. இன்னொன்று செதுக்கினான். அதுவும் வெடித்தது.

“போதும், விட்டுவிடுங்களேன்.”

“அவள் மூன்று கூடு காட்டினாள், நியாராய்.”

மூன்றாவது கல்லைச் சிறு தீயில் பகல் முழுக்க மெல்லக் காய்ச்சினான். சூட்டோடு மெழுகைத் தேய்த்தான். கல் குடித்தது. மூன்று கூட்டு மெழுகையும் குடித்துவிட்டு, மழையில் நனைந்த இறகுபோல் கறுத்து மின்னியது.

துணைவன் இறங்கி வந்து கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தான். “வாரும் அண்ணே, அடுத்த மரம் கொஞ்சம் தூரம்” என்றான்.

அன்று முதல்தான் அந்த மலைப்பக்கத்துச் சிற்பிகள் கல்பறவையைத் தீயில் காய்ச்சி, சூடு ஆறுமுன் மெழுகு தேய்க்கிறார்கள்; பட்டினியாக ஒரு பறவையையும் கையைவிட்டு அனுப்புவதில்லை என்று ஷிங்காய் முடிவு செய்த அன்று முதல்.