பூனை விட்டுக்கொடுத்த அடுப்பு

அந்தக் காலத்தில் பூனையும் அடுப்பும் மனுசரோடு வாய்விட்டுப் பேசும். எல்லா வீட்டிலும் அடுப்பு தரையில்தான். பகலெல்லாம் அது பெண்களுக்கு. சமையல் ஓய்ந்து சாம்பல் ஆறத் தொடங்கினால் பூனைக்கு. எலி பிடிக்கிறதற்குக் கூலியே அந்த வெதுவெதுப்புதான். அதனால், பூனை படுக்கிற அடுப்பை அது சம்மதிக்காமல் யாரும் மாற்றக் கூடாது என்று ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது.

வீராயிக்கு அப்போது நிறைமாதம். முந்தின பிள்ளை தங்கவில்லை. அடுப்பு முன்னால் குந்தி ஊதிவிட்டு எழுந்தவள், தலைசுற்றி விழுந்ததில் கரு கலைந்து போயிற்று. இதுவாவது நிலைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

"அத்தை, ஒரு திண்டு கட்டி அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏத்திரலாமா? நின்னுக்கிட்டே ஆக்கிருவேன்."

மாமியார் செல்லக்காள் முறத்தைக் கீழே வைத்தாள். "நின்னுக்கிட்டு ஆக்குறதா? கேக்குறவுக சிரிப்பாக." சற்று நேரம் தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "சிரிச்சா சிரிக்கட்டும். நான் வேண்டாங்கல தாயி. பூனையைக் கேளு."

பூனை கண்ணைத் திறக்கவே இல்லை. "நான் பிறந்ததே இந்தச் சாம்பல்லதான். மேல ஏத்திட்டு, நான் வந்து படுத்தா, சோத்துப்பானை பக்கத்துல பூனையான்னு விரட்டுவீங்க."

அது சொன்னது சரிதான் என்று வீராயிக்கும் தெரியும். விரட்டத்தான் செய்வார்கள்.

மறுநாள் காலையில் உலை வைக்கக் குந்தினாள். விறகு ஈரம், ஒரே புகை. குனிந்து ஊதும்போது முந்தானை சரிந்து பற்றிக்கொண்டது. எழப் பார்த்தாள். வயிறு விடவில்லை. மாமியாரோ கொல்லையில் இருந்தாள்.

"எந்திரி தாயி, என்னால இதை அடக்க முடியலையே" என்று அடுப்பு பதறியது.

பூனை பாய்ந்து வந்து எரிகிற தலைப்பைக் கவ்வி இழுத்தது. பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சட்டியை அதன் மேல் உருட்டிவிட்டது. தீ அணைந்தது.

வீராயி வயிற்றில் கைவைத்தபடி அசையாமல் இருந்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது. அப்புறம்தான் அழுதாள்.

கருகிய மீசையைத் தடவிக்கொண்டே பூனை சொன்னது: "இன்னைக்கே ஏத்திக்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கென்ன, குளிரும். அவ்வளவுதான்."

"நான் நிக்கிற இடத்துல என் காலு இருக்குல்ல, அதுல வந்து ஒட்டிக்க. எனக்குப் பெறகு அங்க யார் நின்னாலும் அவுக காலும் உனக்குத்தான்."

சாயங்காலமே செல்லக்காள் திண்டுக்கு மண் குழைத்தாள்.

மண் திண்டு பிறகு சிமெண்டு மேடையானது, வழுவழுப்பான கல் பதித்த மேடையானது. விறகு போய் கேஸும் வந்துவிட்டது. ஆனாலும் அன்று முதல் இன்றுவரை, மேடை முன்னால் யார் நின்று சமைத்தாலும் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வந்து காலைச் சுற்றிச் சுற்றி உரசுகிறது. பால் ஊற்றினால் குடித்துவிட்டு மறுபடி அந்தக் காலடிக்கே வருகிறது.