கரிச்சான் முதலில் விழிப்பது ஏன்?

பறவைகள் தமக்குள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரிச்சான் குருவியும் மற்றப் பறவைகளைப் போல நன்றாக விடிந்த பிறகுதான் கண்விழிக்கும்.

ஏரிக்கரை இலுப்பை மரத்தில் ஒரு கரிச்சானும் அவள் கணவனும் இருந்தார்கள். உருவத்தில் சிறியவளானாலும் காக்கைக்கும் பருந்துக்கும் அவள் அஞ்சியதில்லை. பாய்ந்து கொத்தி விரட்டிவிடுவாள். அதனால் யார் கூட்டுக்கு ஆபத்து என்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

"அக்கா, காக்கை எங்கள் பக்கமே சுற்றுகிறது. ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்" என்று காலையிலேயே புறா வந்து நிற்கும். அங்கிருந்து திரும்பும் வழியில் மாங்குயில் அழைக்கும். நடுவில் நாலு பூச்சி பிடித்துத் தின்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"நம் கூடு பாதியில் நிற்கிறதே" என்றான் கணவன்.

"நாளைக்கு முடித்துவிடலாம். புறா பாவம், தனியாக இருக்கிறாள்."

மறுநாளும் அப்படியே போயிற்று. முட்டையிடும் வேளை வந்துவிடவே, விளிம்பு கட்டாத கூட்டிலேயே முட்டையிட்டாள். ஒரு பிற்பகல், மாங்குயிலுக்காகப் பருந்தை விரட்டப் போயிருந்தபோது பெருங்காற்று அடித்தது. அவள் திரும்பியபோது கணவன் கிளையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். முட்டைகள் மரத்தடியில் உடைந்து கிடந்தன.

புறா வந்து அழுதது. "நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டே இப்படி ஆகிவிட்டது, அக்கா."

"கூப்பிட்டதில் தப்பில்லை. பகல் முழுவதையும் கொடுத்துவிட்டு மிச்சத்தில் கூடு கட்டப் பார்த்தேன். மிச்சமே இருக்கவில்லை" என்றாள் கரிச்சான்.

சில நாள் கழித்து, கீழ்வானம் வெளுக்கும் முன்பே அவள் குரல் கொடுத்துக் கணவனை எழுப்பினாள்.

"இன்னும் விடியவில்லையே" என்றான் அவன்.

"அதனால்தான் எழுப்பினேன். இன்னும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை."

மங்கலான அந்த வெளிச்சத்தில் இருவரும் இரை தேடினார்கள். பிறகு நாரும் சிலந்தி நூலும் கொண்டுவந்து, கிளைக்கவட்டில் புதுக்கூடு பின்னத் தொடங்கினார்கள். வெயில் ஏறியதும் மாங்குயில் பறந்து வந்தது.

"காக்கை வரும்போல இருக்கிறது, அக்கா. வா."

கரிச்சானுக்குச் சிறகு துடித்தது. ஆனாலும் அலகிலிருந்த நாரைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள். "வந்தால் குரல் கொடு, உடனே வருகிறேன். வரும்போல இருக்கிறது என்பதற்காக இனி வரமாட்டேன். பயமாக இருந்தால் இந்த மரத்திலேயே கூடு கட்டிக்கொள். என் கூட்டைக் காக்கும்போது உன்னுடையதையும் காப்பேன்."

மாங்குயில் கோபித்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்கெல்லாம் ஓடியவளுக்கு இப்போது கர்வம் வந்துவிட்டது என்று பார்த்த பறவையிடமெல்லாம் சொன்னது. கரிச்சானுக்கு அது வலித்தது. இருந்தாலும் மறுநாளும் இருட்டோடு எழுந்தாள்.

முதலில் புறாதான் வந்து கீழ்க்கிளையில் சுள்ளி அடுக்கியது. அந்த மரத்தை நெருங்கிய காக்கைகள் கொத்து வாங்கிக்கொண்டு ஓடின. உறுதியான கூட்டில் கரிச்சானின் குஞ்சுகள் பொரிந்தன. அதற்குப் பிறகு ஒருநாள் மாங்குயிலும் வந்து, பக்கத்துக் கிளையில் கூடு பின்ன ஆரம்பித்தது. கரிச்சான் பழைய பேச்சை எடுக்கவில்லை.

அன்று தொட்டுத்தான் மற்றப் பறவைகள் உறங்கும்போதே கரிச்சான் குரல் கொடுக்கிறது. புறாவும் மாங்குயிலும் அது குடியிருக்கும் மரத்தைத் தேடி வந்து கூடு கட்டுகின்றன.