கல்யாணப் போட்டோவில் இல்லாத தலை

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் சவரிராயன். ராயபுரத்தில் என் கல்யாணத்துக்குக் கேமரா கொண்டுவந்தவன் அவன் ஒருவன்தான். எங்களைக் கிட்ட நின்று எடுத்த ஒரே ஜோடிப் படத்தில் பிலோமினாவின் தலைப்பூ முழுசாக இருக்கிறது. எனக்குக் கண்ணுக்கு மேலே ஒன்றுமில்லை. பிலோமினாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடமாக நான் அவனோடு பேசுவதில்லை; அவன்தான் விடாமல் கூப்பிடுவான்.

அதனால்தான் அறுபத்து நாலு வயதில் நஸ்ரினிடம் சேர்ந்தேன். என் மகளைவிடச் சின்னவள். ஞாயிறு காலையில் மண்ணடித் தெருக்களில் ஆட்களை நடத்திப்போய், ஃபிலிம் கேமராவில் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறாள்.

"டீச்சர், ஒருத்தன் தலையை வேணும்னே வெட்டி எடுக்கணும். எப்படி?"

"முதல்ல தலையோட எடுக்கப் பழகுங்க அங்கிள்."

ஒரு பழைய சின்னக் கேமராவை என் கழுத்தில் மாட்டினாள். முப்பத்தாறு படம்.

என்ன காலை அது! இரும்புக்கடை வாசலில் சங்கிலி மலைபோல் கிடந்தது. எடுத்தேன். தூக்குச்சட்டியை முகர்ந்த ஆட்டை எடுத்தேன். டீ மாஸ்டர் கையைத் தூக்கினார், ஆவி எழுந்தது, அதையும் எடுத்தேன்.

"டீச்சர், அங்க பாருங்க! பரோட்டா பறக்குது!"

"என்கிட்ட சொல்றதுக்குள்ள தட்டுக்கு வந்துடும். ஓடுங்க."

ஓடினேன். முட்டிவலி நினைவுக்கே வரவில்லை.

மூலை கபேக்குள் போனபோது ஒரே ஒரு படம் மிச்சம். சவரிராயன் வழக்கம்போல அங்கே டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் சூசை! கழுத்துல என்னடா மணி?"

"உன்னை எடுக்க வந்தேன்," என்று முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்தேன்.

அவன் சீப்பை எடுத்து, இருந்த நாலு முடியையும் வாரினான்.

"எடு எடு. நாளைக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போடவாவது நல்லதா ஒண்ணு வேணும்ல."

முப்பத்தைந்து படம் எடுத்த சந்தோஷத்தில் கெடுதல் செய்யக் கை வரவில்லை. மேஜையை ஒட்டி நின்றேன். தலை முழுசாகத் தெரிந்தது. அமுக்கினேன்.

நஸ்ரின் பார்த்துக்கொண்டே டீ குடித்தாள்.

அடுத்த ஞாயிறு படங்கள் வந்தன. ஆடு, ஆவி, பரோட்டா எல்லாம் பிரமாதம். கடைசிப் படத்தில் சவரிராயனுக்குக் கண்ணுக்கு மேலே ஒன்றுமில்லை.

"டீச்சர், சத்தியமா தலையைப் பார்த்துத்தான் எடுத்தேன்!"

கேமராவை என் கண்ணில் வைத்தாள். அதன் முன்பக்கத்தைக் கையால் பொத்தினாள்.

"என்ன தெரியுது?"

"தெரு தெரியுது. நீங்க தெரியிறீங்க."

"லென்ஸை மூடிட்டேன் அங்கிள். நீங்க பார்க்கிற ஜன்னல் மேலே இருக்கு. படம் பிடிக்கிற லென்ஸ் கீழே. தூரத்துல ரெண்டுக்கும் ஒரே காட்சிதான். கிட்டப் போனா வேற வேற."

சவரிராயன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்ததும் இதே மாதிரிக் கேமராதான். அந்தக் கதையை அவளிடம் சொன்னேன்.

"அப்போ அவன் வேணும்னு வெட்டலைன்னு சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லலையே."

"வெட்டினது வெட்டினதுதான். அவன் எனக்கு ஒரு தலை தரணும்."

"தரட்டும்," என்று புது ரோலை நீட்டினாள். "இப்ப நீங்களும் அவருக்கு ஒண்ணு தரணுமே."