கூப்பிடாத வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை

மொட்டைக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. வாங்கினது வாங்கினபடி, புதுசாகவே வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்க் கொம்பையா வீடு கட்ட நினைத்தான். திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாள் குறித்தாயிற்று. பெண்டாட்டி சீனியம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

“எங்க ஊரு சிப்பித்துறையில நான் பொறந்த வீட்டு மண்ணு ஒரு கை வேணும். அஸ்திவாரத்துல அது விழாம, புதுவீட்டுல நான் காலு வைக்கமாட்டேன்.”

சீனியம்மாள் சொன்னால் சொன்னதுதான். அவள் கால் வைக்காத வீட்டில் தனியாகக் குடியிருந்து தானே சோறு பொங்கித் தின்பதை நினைத்துப் பார்த்த கொம்பையா உடனே தலையை ஆட்டிவிட்டான். பெண்டாட்டிமேல் பிரியமும் உண்டு, பயமும் உண்டு. எது கூட என்று அவன் அளந்து பார்த்ததில்லை.

சிப்பித்துறை மீன்பிடிக்கிற ஊர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் போனது போனதுதான். சனங்கள் ரெண்டு மைல் தள்ளிப் புதுக்குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். அங்கே சீனியம்மாளின் சித்தப்பா மக்கள் இருந்தார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. அதை மனசில் வைத்துத்தான் அவன் கிளம்பும்போது அவள் சொல்லியனுப்பினாள்: “கூப்பிடாத வீட்டுக்குள்ள காலு வச்சிராதீங்க. மாப்பிள்ளைக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கு.”

கொம்பையா துணைக்கு ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டான். ஒருவர் பிச்சையா அண்ணாச்சி, அஞ்சாம் வகுப்பை மூன்று தடவை படித்தவர் என்பதால் ஊரிலேயே படிப்பு கூடின ஆள். இன்னொருவன் பக்கத்து வீட்டு ஊர்க்காவலன், யோசனை சொல்வதில் மன்னன்.

சனிக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். “ஊரைக் கடல் கொண்டுபோயிட்டுன்னுதான எல்லாரும் சொல்லுதாங்க? அப்ப கடலுக்குள்ளதான் இருக்கும்” என்றார் அண்ணாச்சி. மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் மார்பு வரை வந்தபோது ஓர் அலை கொம்பையாவின் துண்டை உருவிக்கொண்டு போயிற்று. அதைப் பிடிக்கத் திரும்பினான். பின்னால் கரைமேல் இடிந்த ஊர் முழுசாகத் தெரிந்தது.

“திருப்பிக் கொண்டுவந்து வச்சிட்டுது” என்றார் அண்ணாச்சி. கடல்மேல் அவருக்கு மரியாதை கூடிற்று.

ஊரில் மிச்சமிருந்தது முழங்கால் உயரச் சுவர்கள், மணல் மூடிய ஒரு கிணறு, கவிழ்ந்து மக்கிப்போன ரெண்டு வள்ளம். நிலைவாசலில் சங்கு செதுக்கியிருக்கும் என்று சீனியம்மாள் அடையாளம் சொல்லியிருந்தாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்ததே அந்த ஒரு நிலைதான். கூரை இல்லை, கதவு இல்லை, பின்பக்கச் சுவரும் இல்லை. நிலைக்கு அந்தப்பக்கம் நல்ல வெள்ளை மணல் கிடந்தது.

கொம்பையா காலைத் தூக்கினான். தூக்கின காலை அப்படியே கீழே வைத்தான்.

“யாரும் கூப்பிடலையே.”

மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். கொம்பையா ரெண்டு தடவை இருமிப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்துவிட்டு வளைக்குள் போய்விட்டது.

“பின்பக்கமாப் போய் அள்ளிருவமா?” என்றான் ஊர்க்காவலன்.

“மாமியார் வீட்டுல கொல்லை வழியா நுழையறவன் மாப்பிள்ளையாடே? திருடன்லா” என்றார் அண்ணாச்சி.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு பின்பக்கமாக வந்து, வீட்டைக் குறுக்கே கடந்து, வாசல் வழியாக வெளியே போயிற்று. கொம்பையாவுக்குப் பொறாமையாக இருந்தது.

“அதுக்கென்ன, அது மாப்பிள்ளையா?” என்று அண்ணாச்சி தேற்றினார்.

உச்சி வெயிலில் ஊர்க்காவலனுக்கு யோசனை வந்தது. “அண்ணே, உள்ள போறதுக்குத்தான கூப்பிடணும்? வெளிய வாறதுக்கு யாரு கூப்பிடணும்? நான் முதுகைக் காட்டிப் பின்னாலயே நடக்கேன். பாக்கிறவனுக்கு வெளிய வாற மாதிரிதான் இருக்கும். உள்ள நின்னு உங்களைக் கூப்பிடுதேன்.”

சொன்னபடியே தெருவைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்து உள்ளே போனான். கையைக் கூப்பி, “வாங்க மாப்ளே, உள்ள வாங்க” என்றான். கொம்பையாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. காலைத் தூக்கினான்.

“நில்லு” என்றார் அண்ணாச்சி. “இவன் எங்க உள்ள போனான்? வெளியல்லா வந்திருக்கான். வெளிய இருக்கிறவன் உள்ள வாங்கன்னு எப்படிச் சொல்லுவான்?”

“தப்புதான் அண்ணாச்சி” என்று ஊர்க்காவலன் முன்பக்கமாக நடந்து வந்துவிட்டான். ஆக, அன்றைக்கு அவன் அந்த வீட்டைவிட்டு ரெண்டு தடவை வெளியே வந்தான், ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை.

போன ஆட்களைக் காணோமே என்று மறுநாள் மத்தியானம் சீனியம்மாளே தூக்குவாளியில் சோற்றோடு வந்து நின்றாள். வெறுங்கையோடு நின்ற புருஷனைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“விடிஞ்சா வானம் தோண்டணும். மண்ணு எங்க?”

“உள்ள இருக்கு. யாரும் கூப்பிடலை.”

“உங்க அறிவுல தீய வைக்க. தள்ளுங்க, நான் எடுக்கேன். என் வீட்டுக்குப் போக என்னை எவ கூப்பிடணும்?”

விறுவிறு என்று நடந்தாள். நிலையிலிருந்த சங்கில் கை பட்டதும் நின்றாள். அவளுடைய அப்பா உளி பிடித்துச் செதுக்கின சங்கு. அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் தேம்பினாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஓர் அடி பின்னால் வந்தாள்.

“நான் கட்டிக்கொடுத்த பொண்ணுல்லா. எங்கம்மா இருந்து ‘வாம்மா’ன்னு கூப்பிடாம எப்படி ஏறுவேன்? எனக்கும் ரோசம் இருக்கு.”

புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தன் பக்கம் பேசியது இதுதான் முதல் தடவை என்பதால் கொம்பையாவுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

“நாளைக்குக் காலையில முகூர்த்தம். மண்ணு இங்க இருக்கு, மனை அங்க இருக்கு” என்று கவலைப்பட்டான் ஊர்க்காவலன்.

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். “வீட்டை இங்கயே கட்டிட்டா?”

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எதிர்ச்சாரியில் கட்டினால் அதே தெரு, அதே மண். ஒரு கை என்ன, வீடு முழுக்கவே சீனியம்மாள் பிறந்த மண்ணில் நிற்கும். “இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்கிறது” என்றாள் சீனியம்மாள்.

முகூர்த்தம் தவறாமல் வானம் தோண்டினார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. மூன்றே மாசத்தில் சங்கு வீட்டுக்கு நேர் எதிரே அழகான ஓட்டுவீடு எழும்பிற்று. பால் காய்ச்சுகிற நாளில் மொட்டைக்குளமே திரண்டு வந்தது. சீனியம்மாள் பால்பானையோடு வாசலுக்கு வந்தாள். வலதுகாலை எடுத்து வைக்கப் போனவளைக் கொம்பையா கையைப் பிடித்து நிறுத்தினான்.

“உள்ள யாரும் இல்லையே. யாரு நம்மளைக் கூப்பிடுவா?”

ஊரே தலையை ஆட்டியது. அண்ணாச்சி பானையை வாங்கி மணலில் இறக்கி வைத்தார்.

இப்போதும் அவர்கள் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள், ரெண்டு வாசலுக்கும் நடுவில் பாய் விரித்து, ரெண்டு பக்கமும் காதைக் கொடுத்துக்கொண்டு. கொம்பையாவுக்கு ஒரே ஒரு கவலைதான். ரெண்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டால், யார் மனசும் நோகாமல் எந்த வீட்டுக்கு முதலில் போவது? அண்ணாச்சி யோசித்துக்கொண்டிருக்கிறார்.