கூடைக்குள் வந்த நோயாளி

பொழுது சாய்ந்ததும் பிலோமியின் வீட்டுக்குள் வாத்து கத்துவது போல ஒரு சத்தம். தொட்டிலில் பிள்ளை அலறி விழித்தது. கத்தியது வாத்தல்ல, இதயம் பலவீனப்பட்ட கிழட்டு நாய் குட்டானின் இருமல். மாத்திரை தீர்ந்துவிட்டது. அது இல்லாவிட்டால் நாய் மூச்சுக்குத் திணறும்.

மாத்திரைச் சீட்டுக்கு மாதாமாதம் கால்நடை டாக்டர் சௌந்தரபாண்டியனிடம் போக வேண்டும். "நாயைப் பார்க்காம எழுத மாட்டேன்" என்று ஐந்நூறு ரூபாய் வாங்குவார். பிறகு செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே எழுதுவார்.

அன்று பிலோமி ஒரு கூடையைத் துண்டால் மூடி எடுத்துப் போனாள். கிளினிக்கில் நல்ல கூட்டம். முறை வந்ததும் கூடையை மேசைமேல் வைத்தாள்; டாக்டரின் கண் செல்போனிலேயே இருந்தது.

"ம்ம், முகத்துல களை வந்திருக்கு. இருமலும் குறைஞ்சாச்சு. அதே மாத்திரைதான்."

"நல்லாப் பார்த்தீங்களா டாக்டர்?"

"இருபது வருஷ அனுபவம்மா. எனக்கா சொல்லித் தர்ற?"

பிலோமி துண்டை விலக்கினாள். உள்ளே ஒரு பலாக்காய்.

"ஒரு தடவை தொட்டிருந்தாலும் கையில குத்தியிருக்குமே டாக்டர்!"

காத்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"குட்டான் வெளியே ஆட்டோவுல இருக்கான். இப்ப நிஜமாப் பாருங்க, பீஸை சந்தோஷமாத் தர்றேன். நல்லாயிருந்தா ஆறு மாசத்துக்குச் சேர்த்து எழுதிடுங்க."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தேடி எடுத்தார். பிலோமி உள்ளே தூக்கி வந்த குட்டானின் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். ஆறு மாதத்துக்கு எழுதினார்.

நிமிர்ந்து பார்த்தால், பூனைக்காரர்களும் கோழிக்காரர்களும் "எங்களதையும் நிஜமாப் பாருங்க" என்று பழைய சீட்டுகளை நீட்டியபடி எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் விறுவிறுவென்று உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.