தூளித் துணி

கரூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நஸீமா டீச்சர் பாடம் சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டுக்கு விற்கிற கடையைப் போனிலேயே எப்படித் திறப்பது என்பதுதான் பாடம். டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. படிக்க வந்த தெய்வானைக்கு நாற்பத்தாறு.

அன்றைக்குத் தெய்வானை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"கடைய மூடிருங்க டீச்சர்."

"உட்காருங்கக்கா."

"உட்கார வரலைங்க. மூடச் சொல்ல வந்தேன்."

கையிலிருந்த போனை மேஜைமேல் போட்டார். டீச்சர் எடுத்துப் பார்த்தார்.

தெய்வானையின் தறியில் ஓடுவது குழந்தைக்குத் தூளி கட்டுகிற துணி. துணி ஓரத்தில் தன் பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருப்பார். இத்தனை வருஷமும் புரோக்கர் ராசப்பன் மொத்தமாக எடுத்துப் போய், அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத் தன் லேபிளைத் தைத்து விற்றார். அந்த ஆத்திரத்தில்தான் தெய்வானை சொந்தமாகக் கடை திறந்தார். திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் துணி போலந்துக்குப் போயிருந்தது.

வாங்கிய பெண் அன்றைக்குக் கடைப் பக்கத்தில் படம் போட்டிருந்தாள். துணி நாலாகக் கிழிந்திருந்தது. ஒரு துண்டு குச்சியில் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஈரத் தரை. கீழே, அழுக்கை நன்றாக இழுக்கிறது என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள்.

"வீடு துடைச்சிருக்கறா டீச்சர். என் துணியில."

"அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்களே."

"அந்த ஸ்டாரை அவ பக்கெட்டுலயே போட்டுக்கச் சொல்லுங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"மிச்சத் துணியெல்லாம் ஏத்திக்கிட்டு வண்டி கீழ நிக்குது" என்றார் தெய்வானை. "நேரா ராசப்பன் குடோனுக்குத்தான்."

"உங்க பேரை வெட்டுவாரேக்கா."

"வெட்டட்டும். பேரை வெட்டினாலும் புள்ளைக்குத்தான் விப்பான்."

டீச்சர் போனில் அந்தத் துணியின் பக்கத்தைத் திறந்தார்.

"பொருளுக்குப் பேர் என்ன போட்டீங்க?"

"தூளித் துணின்னு தமிழ்ல அடிச்சேன். இங்கிலீஷை அதுவே போட்டுக்கிச்சு."

"என்ன போட்டுச்சுன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தாப் புரிஞ்சிருந்தா உங்ககிட்ட எதுக்குங்க வர்றேன்?"

"தூசி துடைக்கிற துணின்னு போட்டிருக்குது."

தெய்வானை புரியாமல் நின்றார்.

"தூளின்னா தூசின்னும் ஒரு அர்த்தம் இருக்குதுக்கா."

"எந்த ஊர்ல?"

"புஸ்தகத்துல."

"அந்தப் புஸ்தகம் எழுதினவனை எதுல போட்டு ஆட்டினாளாம் அவங்கம்மா?"

டீச்சர் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பேருக்குக் கீழ விவரம் எழுத இடம் இருக்குது. பத்து வரி எழுதச் சொன்னேன். நீங்க ஒரு வரிகூட எழுதலை."

"தூளிக்கு என்னத்தங்க எழுதறது? பார்த்தாலே தெரியாதா? அவளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

டீச்சர் எழுந்தார். தெய்வானை தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு துணியை எடுத்தார். மேஜையில் காலையில் சிந்திய டீ அப்படியே கிடந்தது. துணியை அதன்மேல் வைத்து அழுத்தித் துடைத்தார்.

தெய்வானை அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எடு கைய. டீச்சர்னெல்லாம் பார்க்க மாட்டேன். பொறந்த புள்ளையப் போடற துணி அது. உறுத்தக்கூடாதுன்னு மூணு தண்ணி அலசித்தான் மடிக்கவே மடிப்பேன். நடுவுல ஒட்டுக் கிடையாது. ஒட்டுன துணின்னா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் விடும். கட்டினா ரெண்டு பெரிய ஆளு தொங்கிப் பார்த்துட்டுத்தான் புள்ளையப் போடணும். அதை எடுத்து டீயத் தொடைக்கிறியே, நீயும் ஒரு பொம்பளையா?"

அதுவரை டீச்சரிடம் ஒருமையில் பேசாதவர் தெய்வானை. அது அவருக்கே அப்போது தெரியவில்லை.

டீச்சர் முகமும் சிவந்துவிட்டது.

"நானும் தூளியில வளர்ந்தவதான். மூணு தண்ணியும் தெரியாது, ஒட்டும் தெரியாது. இன்னைக்குத்தான் உங்க வாயால கேக்கறேன். இப்பக் கத்தினதைக் கத்தின மாதிரியே சொல்லுங்க, எழுதலாம். முதல்ல கைய விடுங்கக்கா, வலிக்குது."

தெய்வானை கையை விட்டார். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் சொல்லச் சொல்ல டீச்சர் போனில் தமிழில் அடித்தார். இங்கிலீஷில் என்ன வந்தது என்று ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் திருப்பிச் சொன்னார். இரண்டு வரி தப்பாக வந்திருந்தது. திருத்தினார். துணியை மடித்து வைத்து எடுத்திருந்த பழைய படத்தை நீக்கினார்கள். கூரைக் கொக்கியில் துணியைக் கட்டி இருவருமாகத் தொங்கிப் பார்த்தார்கள். உள்ளே போடக் குழந்தை இல்லை. டீச்சரின் கைப்பையைப் போட்டுப் படம் எடுத்தார்கள்.

கீழே ஹாரன் அடித்தது. தெய்வானை ஜன்னலுக்குப் போனார்.

"வண்டிய வீட்டுக்குத் திருப்புங்க."

"குடோனுன்னீங்களேக்கா" என்றார் டிரைவர்.

"இப்ப வீடுங்கறேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் கடுகடுப்பு இறங்கவில்லை. அந்தப் போலந்துப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர். எல்லாம் எழுதியாச்சு. படமும் மாத்தியாச்சு. இதையெல்லாம் வரி விடாமப் படிச்சுப் போட்டும், ஒருத்தி வாங்கித் தரையத்தான் துடைச்சான்னா?"

டீச்சர் கொக்கியிலிருந்து துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது அவங்க துணிங்கக்கா" என்றார்.