விருமாயி போட்ட முடிச்சு

முன்னொரு காலத்தில் முல்லைக்கோட்டையைக் கொண்டல்ராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் மறதிக்காரரைக் கண்டுவிட்டால் கேலிக்கு அளவே இருக்காது. அவனைச் சிரிக்கவைக்கவே தினம் ஒருவருக்குப் பட்டப்பெயர் கட்டி, மோதிரம் மோதிரமாகப் பரிசு வாங்கினார் சபாரஞ்சிதர் என்ற பிரதானி. ஓட்டைப் பானை, பராக்குப் பேர்வழி, காற்றாடி மண்டை... அரண்மனையில் சொந்தப் பெயரோடு நடமாடியவர்கள் குறைவு.

ஒருநாள் பாலையேந்தலிலிருந்து விருமாயி என்ற குடியானவப் பெண் வந்தாள். இது நாலாவது நடை. மூன்று முறையும் என்ன விஷயம் என்றுகூடக் கேட்காமல் சபாரஞ்சிதர் வாசலிலேயே விரட்டிவிட்டார். இந்த முறை ராஜாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று காவலரைத் தள்ளிக்கொண்டு சபைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"முந்தானையில் என்ன முடிச்சு?" என்றான் ராஜா.

"மறக்கக் கூடாதுன்னு போட்டது, மகாராஜா."

"முடிச்சு மண்டை!" என்றார் சபாரஞ்சிதர். சபை சிரித்தது. விருமாயி அசையவில்லை.

"ஐயா பேர் வைக்கிறதுல கெட்டிக்காரர். வாக்குக் கொடுத்துட்டு மறந்தவங்களுக்கு என்ன பேர்?"

"ஓட்டைப் பானையில்கூட அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அவன் சல்லடை!"

"சபாஷ்!" ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "யாரம்மா அந்தச் சல்லடை?"

"சொன்னா என் தலை போயிடும்."

"போகாது. இது என் வாக்கு."

"இன்னொரு வாக்கா, சாமி?" என்றபடி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சருகாய்க் காய்ந்த வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு.

"தை மாசம் எங்க ஏரிக்கரையில நின்னு நீங்க கொடுத்த வாக்குத் தாம்பூலம். ஐப்பசி மழைக்குள்ள உடைஞ்ச கரையை அடைச்சு, மதகுல ஒழுகுற பழைய கதவை எடுத்துட்டுப் புதுக் கதவும் போட்டுத் தர்றேன்னீங்க. மழைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. தண்ணி நிக்கலேன்னா ஊரே பஞ்சம் பிழைக்கப் போகணும்."

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. "சபாரஞ்சிதரே, உம்மிடம்தானே ஒப்படைத்தேன்?"

"பெயர் யோசிக்கிற மும்முரத்தில்... மறந்துவிட்டேன், பிரபு."

"நீர் மறந்தீர். கேட்க நான் மறந்தேன். ஆக, சல்லடை இரண்டு. நாளைக்கே புறப்படுவோம். முதல் மண்கூடை என் தலையில். அப்புறம் நீர் வைத்த பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடை உமக்கு!"

பெயர்கள் இருநூறுக்கு மேல். பாவம், மனிதர் அன்றுதான் எண்ணிப் பார்த்தார்.

விருமாயி அத்தோடு விடவில்லை. நேரே போய் ராஜாவின் சால்வை நுனியில் ஒரு முடிச்சைப் போட்டாள்.

ஐப்பசியில் ஏரி நிரம்பி அலையடித்தது. கரைக்கு வந்த ராஜா பெருமையாகச் சால்வையை நீட்டினான். "இப்போதாவது அவிழ்த்துவிடு, தாயே."

விருமாயி முடிச்சைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"மதகுக் கதவு பாக்கி இருக்கு, மகாராஜா."